எள் அறுவடைப் பக்குவம்

பச்சைமலைக்கும் கொல்லிமலைக்கும் இடைப்பட்ட தம்மம்பட்டிச் சமவெளியில் மரவள்ளி, மஞ்சள், பருத்தி, சோளம் முதலிய பயிர்களுக்கு நடுவே எள்ளும் விளைகிறது. எள்ளின் நெய் என்பதே எண்ணெய் என்றாயிற்று. அவ்வளவு தொன்மையான பயிராயினும், அதன் அறுவடையில் நம்மவர் அடையும் நஷ்டம் இன்னும் குறைந்தபாடில்லை. “எள்ளுக்கு ஏழு உழவு” என்று உழவை எண்ணி வைத்த நாம், காய் மஞ்சளாகும் நாள் தொடங்கி மூட்டை தைக்கும் நாள் வரையுள்ள பத்துப் பன்னிரண்டு நாட்களை எண்ணி நடப்பதில்லை. மகசூலில் பெரும் பங்கும் விலையில் பெரும் பங்கும் அந்த நாட்களிலேயே தீர்மானமாகின்றன என்பதை அங்கத்தினர்களுக்கு எடுத்துக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை நான் ஓர் அங்கத்தினரின் வயலில்தான் கற்றேன். சில ஆண்டுகளுக்கு முன் சித்திரைக் கடைசியில், ஒரு சங்கத்தின் பேரவைக் கூட்டத்துக்கு ஆள் சேரவில்லை. ஒன்றரை ஏக்கரில் மாசிப்பட்டத்து எள் போட்டிருந்த அம்மையார் ஒருவர், “நாளைக்கு எள்ளு அறுக்கோணுங்க ஐயா” என்றார். “ஒரு நாள்தானே அம்மா, கூட்டத்துக்கு வந்துவிடுங்கள்” என்று நான் வற்புறுத்தினேன். அவரும் வந்து கையொப்பமிட்டார். மறுநாள் கூலியாட்கள் வேறு வயலுக்குப் போய்விட்டனர். அடுத்த இரண்டு நாட்களும் அனல் காற்று வீசியது. நான்காம் நாள் அறுத்தபோது அடிக்காய்கள் பெரும்பாலும் வாய் பிளந்து வெறுங்கூடாக நின்றன. பின்னர் பெய்த கோடை மழையில் அவ்வயல் முழுவதும் பச்சைப் பாய் விரித்தாற்போல் எள் முளைத்திருந்தது. “கடன் கட்டவேண்டிய எள்ளுங்க ஐயா இது, முளைச்சு நிக்குது பாருங்க” என்றார் அவர். அதில் கோபமில்லை. ஆயினும் அச்சொல் என்னை விட்டு அகலவில்லை.

எள் ஏன் காத்திராது?

நெல் முற்றினால் கதிர் சாயும். நிலக்கடலை முற்றினால் மண்ணுக்குள் சில நாள் பொறுத்திருக்கும். எள் அவ்வாறன்று. எள்ளுச் செடி அடியிலிருந்து நுனி நோக்கிப் பூத்துக்கொண்டே போகும். ஆகவே ஒரே செடியில் அடிக்காய் முற்றி நிற்கும்போது நுனியில் பிஞ்சும் பூவும் இருக்கும். காய் நன்கு காய்ந்ததும் நுனியில் பிளந்து வாய் திறக்கிறது. காற்றில் செடி அசைந்தாலும், ஆள் உராய்ந்து நடந்தாலும் விதை வெளியே தெறித்துவிடும். முதலில் கொட்டுவது அடிக்காய்களின் விதையே. அதுவே நன்கு திரண்ட விதை.

இதனால் ஏற்படும் நஷ்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். செடிக்குச் செடி ஓரடி, அதாவது 30 சென்டிமீட்டர் இடைவெளி விட்டால் ஏக்கருக்குச் சுமார் 45,000 செடிகள் நிற்கும். செடிக்கு இரண்டே காய்கள், காய்க்கு 50 விதைகள் கொட்டிவிட்டதாகக் கொள்வோம். ஏக்கருக்கு 45 லட்சம் விதைகள் மண்ணில் விழுகின்றன. ஆயிரம் விதைகளின் எடை சுமார் 3 கிராம். ஆகவே நஷ்டம் 13½ கிலோ. 2025-26ஆம் ஆண்டுக்கு மத்திய அரசு எள்ளுக்கு அறிவித்த குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 9,846 ரூபாய். அந்த விலைப்படி 13½ கிலோவின் மதிப்பு 1,329 ரூபாய். இது இரண்டே காய்களின் கணக்கு. நான்கு காய்கள் வெடித்திருந்தால் தொகை இரட்டிப்பாகும். ஓர் ஏக்கருக்கு இரண்டு கிலோ விதை விதைத்தவர், விதைத்ததைப்போல் ஆறு மடங்குக்கு மேல் மண்ணுக்குத் திருப்பிக் கொடுக்கிறார்.

முற்றிலும் காயும் வரை காத்தால் கொட்டும். மிக முந்தி அறுத்தால் நுனிக்காய்கள் பதராகும். இவ்விரண்டுக்கும் நடுவில் பக்குவம் கண்டு செடியை அறுத்து, மிச்சமுள்ள முதிர்ச்சியைப் போரில் முடித்துக்கொள்வதே எள் அறுவடையின் தத்துவம்.

வயலைத் தயாரித்தல்

அறுவடைக்கான ஆயத்தம் அரிவாளை எடுக்கும் நாளில் தொடங்குவதன்று. இறவைப் பயிராயின், விதைத்த 65 நாட்களுக்குப் பின் நீர் பாய்ச்சுவதை நிறுத்திவிட வேண்டும். அதன் பின்னும் நீர் கொடுத்தால் செடி மீண்டும் தளிர்த்துப் பூக்கும். அடிக்காய் முற்றுவதும் நுனிக்காய் முற்றுவதும் மேலும் விலகிப் போகும்.

நீர் நிறுத்திய பின் வயலை ஒருமுறை சுற்றி வருதல் அவசியம். பூவெல்லாம் இலைக்கொத்தாக மாறிக் காய் பிடிக்காத நோயுற்ற செடிகள் சில தென்படும். மற்றவை பழுத்த பின்னும் இவை பச்சையாகவே நிற்கும். இவற்றையும், விதை தாங்கிய களைகளையும் அப்போதே பிடுங்கிவிடுக. இல்லையேல் பச்சைச் செடியின் ஈரம் போருக்கும், களை விதை மூட்டைக்கும் போய்ச் சேரும்.

பக்குவம் அறியும் முறை

ஒவ்வோர் இரகத்துக்கும் வயது உண்டு. விருத்தாசலத்தில் உருவான வி.ஆர்.ஐ. 1 என்னும் இரகம் 70 முதல் 75 நாட்களிலும், திண்டிவனத்தின் டி.எம்.வி. 3 இரகம் 80 முதல் 85 நாட்களிலும் முற்றும். வயதை நாட்காட்டியில் குறித்துக்கொண்டு, அதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நாள்தோறும் வயலைப் பார்க்க வேண்டும். நாட்காட்டி எச்சரிக்கை தரும். தீர்ப்புக் கூறுவது செடியே. அதன் அடையாளங்களாவன:

1. அடியிலைகளில் நாலில் ஒரு பங்கு உதிர்ந்திருக்கும். மேலிலைகள் நிறம் வெளுத்து மஞ்சளாகும்.

2. தண்டும் மஞ்சள் நிறம் கொள்ளும்.

3. அடியிலிருந்து செடியின் பாதி உயரம் வரையுள்ள காய்கள் மஞ்சளாகியிருக்கும்.

4. அடியிலிருந்து எண்ணிப் பத்தாவது காயைப் பிளந்து பார்க்கவும். கறுப்பெள்ளாயின் அதன் விதை கறுத்திருந்தால் அறுவடைக்கு அதுவே தருணம். பிற எள்ளாயின் அந்தந்த இரகத்துக்குரிய நிறம் வந்திருத்தல் வேண்டும்.

வயலின் ஓரத்தில் ஒரு செடியை மட்டும் பார்த்து முடிவு செய்தல் கூடாது. மேட்டிலும் பள்ளத்திலும் நடுவிலுமாக ஐந்தாறு இடங்களில் பார்ப்பதே முறை.

அறுப்பும் போரும்

நம் நெசவாள அங்கத்தினர்கள் பாவு நீட்டிக் கஞ்சி போடுவதற்கு விடியற்காலையைத் தேர்ந்துகொள்வர். வெயில் ஏறினால் இழை முறுகி அறும் என்பதை அவர்கள் அறிவர். எள் அறுப்பவரும் அந்த நேரத்தையே தேர்ந்துகொள்ள வேண்டும். பனியீரத்தில் காயின் வாய் எளிதில் பிளவாது. வெயில் ஏறுவதற்குள் அறுத்து முடித்தல் நலம்.

செடியை வேரோடு பிடுங்குவதும் உண்டு. அடியில் அறுப்பதும் உண்டு. பிடுங்கினால் வேரிலுள்ள மண்ணை வயலிலேயே தட்டிவிட்டு, வேர்ப் பகுதியை நறுக்கிவிடுதல் நன்று. எள்ளோடு கலந்த பொடிமண் முறத்துக்கு எளிதில் அகப்படாது. வியாபாரியின் உள்ளங்கைக்கோ உடனே அகப்பட்டுவிடும்.

அறுத்த செடிகளைத் தண்டு வெளிப்புறமும் நுனி உட்புறமுமாக வட்டமாக அடுக்கிப் போர் வைக்க வேண்டும். மேலே வைக்கோல் பரப்பி மூடுக. உள்ளே வெப்பமும் ஈரமும் ஒருசேர நின்று, முற்றாத காய்களையும் பக்குவப்படுத்தும். மூன்று நாட்கள் இவ்வாறு இருந்தபின் போரைப் பிரித்துச் செடிகளைத் தலைகீழாகப் பிடித்து உதறினால் முக்கால் பங்கு விதை உதிர்ந்துவிடும். பின்னர் செடிகளை வெயிலில் காயவைத்து, இரண்டு நாட்கள் மறுபடி உதறி மிச்சத்தைப் பெறலாம். முதல் உதறலின் விதையையும் பின் உதறல்களின் விதையையும் தனித்தனியே வைப்பது சிறந்தது. பின்னது சற்றுச் சிறுத்திருக்கும். இரண்டையும் கலந்தால் நல்லதன் விலையும் குறையும்.

போரை மூன்று நாட்களுக்கு மேல் மறந்துவிடலாகாது. உள்வெப்பம் மிகுந்தால் விதை நிறம் மங்கி முடைநாற்றம் கொள்ளும். கோடை மழைக் காலமாதலால் மேட்டு நிலத்தில் போர் வைப்பதும், தார்ப்பாயைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பதும் இன்றியமையாதன.

பிற நாட்டார் செய்வது

வெடிக்கும் காயோடு போராடுபவர் நாம் மட்டும் அல்லர். கனடாவிலும் ஐரோப்பாவிலும் பெருவாரியாகப் பயிராகும் கனோலா என்னும் கடுகினப் பயிரும் இத்தன்மையதே. அங்கே பலர், விதை நிறம் மாறத் தொடங்கும்போதே எந்திரத்தால் அறுத்து, வரிசை வரிசையாக வயலிலேயே கிடத்திக் காயவிட்டுப் பின்னர் கதிரடிக்கின்றனர். நாம் போர் வைப்பதும் அவர்கள் வரிசை கிடத்துவதும் ஒரே யோசனையின் இரு வடிவங்களே. வேறு சிலர் பயிர் ஒரே சீராகக் காய்வதற்கு இரசாயன மருந்து தெளித்து வந்தனர். அவ்வாறு பயன்பட்ட டைகுவாட் என்னும் மருந்துக்கு அனுமதியைப் புதுப்பிப்பதில்லை என்று ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் முடிவு செய்தது. கிளைபோசேட்டுக்கு 2023இல் அனுமதியைப் புதுப்பித்தபோதும், பயிரை உலர்த்தும் பொருட்டு அதைத் தெளிக்கலாகாது என்று விதித்தது. உண்ணும் விதையின்மேல் களைக்கொல்லி தெளித்து உலர்த்தும் யோசனையை எவரேனும் நம்மிடம் கூறினால், இச்செய்தியை நினைவிற் கொள்ளுதல் வேண்டும். மூன்று நாள் போருக்கு மருந்துச் செலவும் இல்லை, மிச்ச நஞ்சும் இல்லை.

வெடிக்காத காயுடைய எள் ஒன்றை 1943இல் வெனிசுவேலா நாட்டில் லாங்ஹாம் என்னும் விஞ்ஞானி கண்டறிந்தார். அதன் பின் அந்நாட்டிலும் அமெரிக்காவிலும் எந்திர அறுவடைக்கேற்ற இரகங்களுக்காக நெடுங்காலம் ஆராய்ச்சி நடந்தது. நம் வயலில் நிற்பதோ வாய் திறக்கும் எள்ளே. ஆகவே நமக்குக் கண்ணும் கையுமே எந்திரம்.

களத்தின் சுத்தம்

உதறிய விதையை மூன்று நாட்கள் வெயிலில் உலர்த்த வேண்டும். மூன்று மணிக்கு ஒருமுறை கிளறிவிட வேண்டும். ஈரம் நூற்றுக்கு 6 பங்குக்குள் வந்தால் நெடுநாள் சேமிக்கலாம். நன்கு ஆறிய பிறகே மூட்டையிட வேண்டும்.

“எள்ளுதான் எண்ணெய்க்குக் காய்கிறது, எலிப்புழுக்கை என்னத்துக்குக் காய்கிறது?” என்பது நம் பழமொழி. இன்று அதை நேர்ப்பொருளிலேயே கொள்ள வேண்டியிருக்கிறது. 2020 செப்டம்பரில், இந்தியாவிலிருந்து சென்ற எள்ளில் எத்திலீன் ஆக்சைடு என்னும் நச்சுப்பொருள் இருப்பதாக ஐரோப்பாவில் எச்சரிக்கை பிறந்தது. அங்கே அதற்குரிய வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம் மட்டுமே. அதே ஆண்டு அக்டோபரில், இந்திய எள்ளின் சரக்குகளில் பாதியை எல்லையிலேயே சோதிக்க வேண்டுமென ஐரோப்பிய ஒன்றியம் ஆணையிட்டது. அந்தப் பொருளை எள்ளில் செலுத்தக் காரணம் யாது? சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமியைக் கொல்வதற்கே அது பயன்பட்டது. அக்கிருமியோ எலி, பறவை, கால்நடை ஆகியவற்றின் எச்சத்தால் பரவுவது. ஆகவே எள் காயும் களத்தின் அசுத்தமும் கடல்கடந்த வாணிபத்தின் தடையும் ஒன்றோடொன்று தொடர்புடையவை.

சாணம் மெழுகிய களம் நம் முன்னோர் கண்ட வழி. புழுதியை அடக்குவதற்கு அது உதவியது. ஆயினும் உண்ணும் விதையை அதன்மேல் நேராகப் பரப்புவதை இனித் தவிர்த்தல் நலம். களத்தின்மேல் சுத்தமான தார்ப்பாய் விரித்து, அதன்மேல் எள்ளைப் பரப்புக. தார்ச்சாலையில் காயவைப்பது அறவே கூடாது. ஆடு, கோழி அணுகாதவாறு ஓர் ஆள் காவலிருத்தல் வேண்டும்.

சங்கம் செய்யத்தக்கது

இவற்றுள் பலவற்றைத் தனியொருவர் செய்வது கடினம். பெரிய தார்ப்பாய்க்கு முதல் வேண்டும். குறித்த நாளில் அறுக்க ஆட்கள் வேண்டும். கூட்டுறவு பயன்படுமிடம் இதுவே. நாலைந்து தார்ப்பாய்களைச் சங்கம் வாங்கி, முறை வைத்துச் சிறு வாடகைக்கு விடலாம். எள் போட்டவர்கள் ஒன்றுகூடி, யார் வயல் எந்நாளில் பழுக்கும் என்று பட்டியலிட்டு, ஒருவர் வயலுக்கு மற்றவர் கைமாற்றாக ஆள் உதவலாம். கறுப்பு, சிவப்பு, வெள்ளை எனப் பிரித்து, சுத்தம் செய்த எள்ளைச் சேர்த்தே ஏலத்துக்குக் கொண்டு செல்லலாம். திருச்செங்கோடு வேளாண்மை உற்பத்தியாளர் கூட்டுறவு விற்பனைச் சங்கம் போன்ற இடங்களில் எள் ஏலத்தைப் பார்த்தவர்கள், மூட்டைக்குள் கைவிட்டு அள்ளிப் பார்க்கும் வியாபாரி சில விநாடிகளில் விலையை முடிவு செய்வதை அறிவர். அந்தச் சில விநாடிகளுக்காகவே மேற்கூறிய உழைப்பனைத்தும்.

பயிர்க்கடனை உரிய தவணையில் செலுத்துவோருக்கு வட்டி இல்லை என்பதை அங்கத்தினர்கள் அறிவர். மண்ணில் கொட்டிய எள் அந்தத் தவணையைத் தவறச் செய்கிறது. தவணை தவறினால் வட்டி வருகிறது. நான் மேலே கூறிய அம்மையார் அவ்வாண்டு தம் தோட்டை அடகு வைத்துக் கடனைத் தீர்த்தார் என்று பின்னர் அறிந்தேன். அன்று முதல், சித்திரை வைகாசியில் கூட்டத் தேதி குறிக்குமுன், எவர் வயல் மஞ்சளாயிருக்கிறது என்று செயலாளரிடம் கேட்டறிந்த பிறகே தேதி குறிக்கிறேன்.

மாதக் கூட்டத்தில் விவாதிக்கத்தக்க கேள்விகள்

1. நம் ஊரில் இந்தப் பட்டத்தில் எள் போட்டவர் எவர்? ஒவ்வொருவர் வயலும் எந்த வாரத்தில் பழுக்கும்?

2. பத்தாவது காயைப் பிளந்து பார்க்கும் முறையை நம்மில் எத்தனை பேர் கடைப்பிடிக்கிறோம்?

3. சங்கத்துக்குப் பொதுவான தார்ப்பாய் வாங்க எவ்வளவு தொகை வேண்டும்? எத்தனை பட்டத்தில் அது மீளும்?

4. சென்ற முறை நம் எள்ளுக்கு விலை குறைந்ததற்குக் காரணம் சந்தையா, ஈரமா, மண்ணா?