மரத்தைக் குடையும் எறும்பு

கேள்வி: தச்செறும்பைக் கறையானிலிருந்து பிரித்தறிந்து கட்டுப்படுத்துவது எவ்வாறு?

பதில்: நம் கட்டெறும்பு அடங்கிய காம்பொனோட்டஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்ததும், வட அமெரிக்க மரவீடுகளைப் பெரிதும் பாழாக்குவதுமான தச்செறும்பு, கறையானைப்போல் மரத்தைத் தின்பதில்லை, ஈரத்தில் நைந்த மரத்தைக் குடைந்து கூடமைத்து, இறந்த பூச்சிகளின் உறுப்புகள் கலந்த மரத்தூளைச் சிறு துளைவழியே வெளியே தள்ளுகிறது. அது குடைந்த வழி உப்புத்தாளால் தேய்த்ததுபோல் வழவழப்பாயிருக்க, கறையான் குடைந்ததில் மண் அப்பியிருக்கும். சிறகு முளைத்த எறும்புக்கு இடை ஒடுங்கி, முன்சிறகு நீண்டிருக்கும். கறையானுக்கோ நான்கு சிறகுகளும் ஏறத்தாழ ஒரே அளவின.

இராணி கூட்டுக்குள்ளேயே இருப்பதால், கண்ணில் பட்டவற்றின்மீது மட்டும் மருந்தடிப்பது வீண்வேலையே. இரவில் அவை ஊரும் தடத்தில், மெதுவாக வேலைசெய்யும் போராக்ஸ் சிறிதளவு கலந்த சர்க்கரைப்பாகைக் குழந்தைகளுக்கு எட்டாதபடி வைத்தால், உண்டதை வாய்வழியே பிறவற்றுக்கு ஊட்டும் வழக்கத்தால் நஞ்சு கூடெங்கும் பரவும். ஆயினும் கூரை ஒழுகலையும் குழாய்க் கசிவையும் அடைத்து, உளுத்த மரத்தை மாற்றாத வீட்டுக்கு அவை திரும்ப வரும்.