ஃப்ளோரின் ஏன் தனி வழி போகிறது?



சுங்காயில் கோயில் மண்டபத்தில் எஸ்பிஎம் மாணவர்களுக்கு நான் எடுக்கும் கெமிஸ்ட்ரி வகுப்பில் ஒரு கேள்வி வருஷா வருஷம் வரும். "அண்ணே, குளோரின், புரோமின், அயோடின் மூணும் ஒரே மாதிரி நடக்குது. ஃப்ளோரின் மட்டும் ஏன் முரண்டு பிடிக்குது?"

ஒரே வரியில் பதில்: அது ரொம்பச் சின்ன அணு. அதில் இரண்டே எலெக்ட்ரான் ஷெல். இதை மனசில வெச்சுக்கிட்டா மீதி தானா வரும்.

1. பிணைப்பு: இரண்டு ஃப்ளோரின் அணுக்கள் நெருங்கி நிற்கும்போது அவற்றின் எலெக்ட்ரான்கள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. அதனால் அந்தப் பிணைப்பை உடைக்க மோலுக்கு சுமார் 158 கிலோஜூல் போதும். குளோரினுக்கு 242 வேண்டும். ஆனால் மற்ற அணுக்களோடு ஃப்ளோரின் சேர்ந்தால் பிணைப்பு மிகவும் பலம். அதான் அத்தனை வேகமாக வினைபுரிகிறது. 1886-ல்தான் பிரான்சின் ஹென்ரி முவாசான் அதைத் தனியாகப் பிரித்தெடுத்தார்.

2. அமிலம்: ஹைட்ரோகுளோரிக் அமிலம் வலிமையானது. ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் வலிமை குறைந்தது. ஹைட்ரஜனை அது எளிதில் விடாது. அதுக்காக சாதுன்னு நினைச்சிடாதீங்க, கண்ணாடியையே அரிக்கும்.

3. உப்பு: சில்வர் நைட்ரேட் ஊற்றினால் குளோரைடு வெள்ளை, புரோமைடு இளமஞ்சள், அயோடைடு மஞ்சள் வீழ்படிவு தரும். ஃப்ளோரைடு ஒன்றும் தராது; சின்ன அயனியைத் தண்ணீர் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. கால்சியத்தோடு கதை தலைகீழ்: கால்சியம் குளோரைடு கரையும், கால்சியம் ஃப்ளோரைடு கரையாது.

நம் பல்லும் எலும்பும் கால்சியம்தானே! பல் எனாமலில் உள்ள ஹைட்ராக்சைடு அயனியும் ஃப்ளோரைடும் ஏறக்குறைய ஒரே அளவு. அதன் இடத்தில் ஃப்ளோரைடு உட்கார்ந்தால் பல் சொத்தையை எதிர்க்கும். பற்பசையில் அதைச் சேர்ப்பது இதற்காகவே. நம் நாட்டுக் குழாய் நீரிலும் லிட்டருக்கு 0.4 முதல் 0.6 மில்லிகிராம் வைத்திருக்கிறார்கள்.

அதே குணம் அளவு மீறினால் கெடுதல். தமிழ்நாட்டின் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாறையிலிருந்து ஃப்ளோரைடு நிலத்தடி நீரில் கலந்தது. அதைக் குடித்துப் பலருக்குப் பல் கறை படிந்தது, எலும்பும் பாதிக்கப்பட்டது. காவிரித் தண்ணீரை வீட்டுக்குக் கொண்டுவரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கியது இதற்காகத்தான். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்.

தேர்வில் 'ஃப்ளோரின் வித்தியாசமானது' என்று மட்டும் எழுதினால் மார்க் வராது. 'சிறிய அணு, ஆகவே...' என்று தொடங்கிக் காரணத்தை எழுதுங்க.

வீட்டுப்பயிற்சி: ஹைட்ரஜன் குளோரைடு கொதிப்பது -85 டிகிரியில், ஹைட்ரஜன் ஃப்ளோரைடு கொதிப்பதோ 19.5 டிகிரியில். ஏன்? யோசிச்சு எழுதிப் பாருங்க.