பதரும் கல்லும் கலங்கல் நீரும்

கேள்வி: களத்தில் நெல்லைத் தூற்றினால் பதர் பறந்து போகிறது. ஆனால் அதே அரிசியை வீட்டில் முறத்திலிட்டு எவ்வளவு புடைத்தாலும் கல் போவதில்லை; தண்ணீரில் அரித்தால்தான் போகிறது. காற்றினால் ஆகாத காரியம் தண்ணீரால் ஆவது எப்படி?
- ஒரு வாசகி, பாலசமுத்திரம்

பதில்: நாள்தோறும் அரிசி களைகிற கைகளுக்கே தோன்றக்கூடிய நியாயமான ஐயம் இது. கலந்து கிடக்கும் இரு பொருள்களைப் பிரிக்க வேண்டுமானால், அவை எந்தக் குணத்தில் மாறுபடுகின்றன என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். மணி பிடித்த நெல்லும் பதரும் பார்வைக்கு ஒரே உருவம், ஒரே பருமன். ஆகையால் விழும்போது காற்று அவ்விரண்டையும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் தடுக்கிறது. ஆனால் பதரின் உள்ளே அரிசி கட்டாமையால், அத்தடையை மீறிக் கீழே இறங்குவதற்குரிய எடை அதற்கு இல்லை. மணி காலடியில் குவிய, பதர் காற்றின் போக்கில் சில முழ தூரம் தள்ளிச் சென்று விழுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியே புகுந்து ஆனி, ஆடியில் தங்கள் பிரதேசமெங்கும் வீசுகிற மேல்காற்றின் வேகத்தைத் தாங்கள் நன்கறிவீர்கள். அவ்வளவு வேகம் தூற்றுகிறவருக்கு உதவாது, நல்ல மணியையும் அது அடித்துக்கொண்டு போய்விடும். மிதமாகவும் ஒரே சீராகவும் வருகிற காற்றுக்காகவே அவர் முறத்தைக் கையில் ஏந்திக் காத்து நிற்கிறார்.

இனி, கல்லுக்கு வருவோம். அரிசியின் ஒப்படர்த்தி ஏறக்குறைய 1.4, சாதாரண மணற்கல்லின் ஒப்படர்த்தி 2.65. அதாவது, ஒரே பருமனுள்ள அரிசியையும் கல்லையும் எடுத்துக்கொண்டால், கல்லின் எடை அரிசியைப்போல் இரண்டு மடங்குகூட இல்லை. முறத்திலிருந்து ஒரு சாண் உயரம் எழும்பி விழுகிற கணநேரத்தில் இந்த வித்தியாசத்தைக் கொண்டு காற்று ஒன்றும் செய்துவிட முடியாது. தண்ணீரில் மூழ்கிய பொருளோ, தான் விலக்கிய நீரின் எடை அளவுக்குத் தன் எடையை இழக்கிறது என்பது ஆர்க்கிமிடீஸ் கண்ட விதி. இரண்டிலிருந்தும் ஒவ்வொன்றைக் கழித்துப் பாருங்கள்: அரிசிக்கு எஞ்சுவது 0.4, கல்லுக்கு எஞ்சுவது 1.65. இரு மடங்குக்கும் குறைவாக இருந்த வித்தியாசம் நீருக்குள் நான்கு மடங்காகப் பெருகிவிடுகிறது! இதனாலேயே, உட்புறம் வரியோடிய அரிக்கன்சட்டியில் நீர்விட்டு, விளிம்பைச் சற்றே சாய்த்து, மணிக்கட்டினால் மெல்லச் சுழற்றிச் சுழற்றி அடுத்த பாத்திரத்தில் வார்க்கும்போது, அரிசி நீரோடு எழும்பிச் செல்ல, கல் அவ்வரிகளில் தங்கி அடியிலேயே நின்றுவிடுகிறது. கடைசிக் கைப்பிடி அரிசியை வார்க்காமல் நிறுத்திக்கொண்டு விரலால் துழாவிப் பார்க்கிற வழக்கம் மிகச் சிறந்தது. கல் முழுதும் சேர்ந்திருப்பது அங்கேதான்.

விதை நெல்லைத் தேர்ந்தெடுக்கையில் உழவர் இதே தத்துவத்தை இன்னும் ஒரு படி மேலே கொண்டு செல்கின்றனர். அரைகுறையாக மணி பிடித்த நெல் நல்ல நீரிலும் மூழ்கிவிடுமாதலால், கோழிமுட்டை மிதந்து அதன் மேற்பகுதி ஒரு சிறு நாணய அகலத்துக்கு வெளியே தெரியும்வரை நீரில் உப்பைக் கரைத்து, நீரின் அடர்த்தியையே உயர்த்தி, அதில் விதையைக் கொட்டுகிறார்கள். மிதப்பதை அகற்றிவிட்டு, மூழ்கியதை மாத்திரம் நல்ல நீரில் இரண்டு மூன்று தடவை கழுவி முளைகட்ட வேண்டும். உப்பு தங்கினால் முளைப்புக் கெடும்.

கேள்வி: உப்பு ஜாடியில் மணல் விழுந்துவிட்டது. உப்பை மீட்க வழி உண்டா?
- ஒரு வாசகர், நெய்க்காரப்பட்டி

பதில்: உண்டு. நீரில் கரைத்து, மணல் படிந்ததும் தெளிவை இறுத்துத் துணியில் வடிகட்டிக் காய்ச்சுங்கள். 100 கிராம் நீரில் சுமார் 36 கிராம் உப்புக் கரையும். கொதிநீரில் இது சொற்பமே கூடுமாதலால் கரைப்பதற்கு விறகைச் செலவிட வேண்டாம். கல்லுப்பாயின், சிறிது நீர் எஞ்சியிருக்கும்போதே படிகங்களை வாரிவிடுவது நல்லது. கசப்புக்குக் காரணமான மக்னீசிய உப்புகள் அந்த எஞ்சிய நீரில்தான் தங்கும். தூத்துக்குடி உப்பளங்களிலும் அதை அகற்றிவிடுவதே முறை.

கேள்வி: மழைக்காலத்தில் ஆற்று நீர் செம்மண் கலங்கலாக வருகிறது. துணியில் வடிகட்டியும் தெளியவில்லை. தேற்றாங்கொட்டையை நம்பலாமா?
- ஒரு வாசகர், பழனி

பதில்: நம்பலாம். கலித்தொகையிலேயே உவமையாக இடம்பெற்றுவிட்ட பழமையான முறை அது. துணியின் கண்களைவிடக் களிமண் துகள் மிக நுண்ணியது. 2 மைக்ரான் விட்டமுள்ள துகள், அசையாத நீரில் ஒரு முழ ஆழம் இறங்குவதற்கே ஒரு முழு நாளுக்கு மேலாகும். அதனினும் சிறியவை, ஒரே வகை மின்னூட்டத்தினால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டு இறங்காமலே மிதந்து திரியும். கொட்டையை மண்பானையின் உட்புறத்தில் இழைத்து நீரை ஊற்றிக் கலக்கினால், அதிலிருந்து வரும் நீண்ட மூலக்கூறுகள் துகள்களைப் பிணைத்துத் திரளாக்குகின்றன. துகளின் விட்டம் பத்து மடங்கானால் இறங்கும் வேகம் நூறு மடங்காகும் என்பது ஸ்டோக்ஸ் 1851-இல் நிறுவிய விதி. ஆகவே இரவில் இழைத்து வைத்த பானை விடிவதற்குள் தெளிந்திருக்கும். படிகாரமும் இதையே செய்யும்.

ஒன்றை மாத்திரம் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். தெளிந்த நீர் வேறு, தூய நீர் வேறு. மண்ணோடு சேர்ந்து கிருமிகளில் ஒரு பகுதி படியலாம். எல்லாம் படிந்துவிட்டன என்பதற்கு உறுதி இல்லை. வண்டலைக் கலக்காமல் மேல்நீரை இறுத்துக் கொதிக்கவைத்து ஆற்றிய பிறகே குழந்தைகளுக்குக் கொடுங்கள்.