வடக்கன்குளம் கோயிலின் சாதிச் சுவர்

கேள்வி: நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில் மாதா கோயிலுக்குள்ளேயே சாதிச் சுவர் இருந்ததாமே, உண்மையா?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: உண்மைதான். 1745இல் தேவசகாயம் பிள்ளை ஞானஸ்நானம் பெற்ற பழைய பங்கு அது. 1872இல் எழுந்த கோயிலைக் கால்சட்டை போலவே கட்டினார்கள்: பீடம் ஒன்று, மண்டபம் இரண்டு. ஒருபுறம் வெள்ளாளர், மறுபுறம் நாடார். இரு தரப்புக்கும் பூசை தெரியும். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது.

1910இல் சேசு சபைக் குருக்கள் தடுப்பை இடித்தார்கள். வெள்ளாளர் தரப்பு வழக்குப் போட்டது. சென்னை உயர்நீதிமன்றம்வரை போயும், கோயிலில் சாதிக்கென்று தனியிடம் கிடைக்கவில்லை.

தேவசகாயம் 2022இல் புனிதரானார். அதற்கு முன்பே அவர் பெயரிலிருந்த ‘பிள்ளை’யை வத்திக்கான் நீக்கிவிட்டது.