விடுமுறையில் ஆங்கிலப் பரீட்சைக்குத் தயாராகுதல்



பண்டிகை விடுமுறை வந்தால் கொழும்பில் வேலை செய்யும் அண்ணன்மாரும் அக்காமாரும் அக்கரப்பத்தனைக்குத் திரும்புவர். லயமெங்கும் கலகலப்பு நிறையும். ஆங்கிலப் புத்தகமோ மூடியே கிடக்கும். பெற்றோர் காலையில் பெரட்டுக்குப் புறப்பட்டதும் ஒரு மணித்தியாலத்தை ஒதுக்குங்கள். அது வாசிக்கும் நேரமாக மட்டுமன்றி, எழுதும் நேரமாகவும் இருக்கட்டும்.

க.பொ.த. சாதாரண தர ஆங்கிலப் பாடத்தில் முதலாம் வினாத்தாளுக்கு 1 மணித்தியாலமும், இரண்டாம் வினாத்தாளுக்கு 2 மணித்தியாலங்களும் உண்டு. கடிதம், கட்டுரை போன்றவற்றை நீங்களே ஆக்க வேண்டும். ஆகவே பின்வருமாறு பயிலுங்கள்:

1. தெரிந்ததை எழுதுக. 'அம்மா கொழுந்து பறிக்கிறார்' என்பதை 'மை மதர் ப்ளக் டீ லீவ்ஸ்' என எழுதுவது பிழை. 'ப்ளக்ஸ்' என்பதே சரி. தமிழில் பறிக்கிறேன், பறிக்கிறாய், பறிக்கிறார் என வினை ஒவ்வொருவருக்கும் மாறும். ஆங்கிலச் சாதாரண நிகழ்காலத்தில் படர்க்கை ஒருமைக்கு மட்டுமே இந்த 'ஸ்' சேரும். 'நேற்று' என்றால் 'ப்ளக்ட்' என வரும்.

2. கடந்தகால வினாத்தாளிலுள்ள கடிதமொன்றை மணிக்கூட்டைப் பார்த்து எழுதுக.

3. வீடு வந்துள்ள அண்ணனிடமோ அக்காவிடமோ காட்டித் திருத்துக. மறுநாள் பாராமல் மீண்டும் எழுதுக. பிழை அகல்வது இந்த இரண்டாம் முறையிலேயே.

35 புள்ளி சாதாரண சித்தி. 50 புள்ளி திறமைச் சித்தி. பல வேலைகளுக்கும் பயிற்சிநெறிகளுக்கும் கேட்கப்படுவது திறமைச் சித்தியே. இடையிலுள்ள 15 புள்ளிகளை இந்த விடுமுறையில் எழுதி எழுதியே சேர்த்துக்கொள்ளுங்கள்.