ஸ்வீடன் கண்ணாடி

மகள் ஸ்டாக்ஹோமில் இருக்கிறாள். கலைஞர்கள் வடிவமைத்த கண்ணாடிக் குவளை வாங்கி வர ஆசை. விலை கட்டுப்படியாகுமா?
— வாசகி, மதுரை

தாராளமாக ஆகும். புதுசுக்குப் போகாதீர்கள், 'லோப்பிஸ்' என்று பழைய சாமான் விற்கும் இடத்துக்கு மகளைக் கூட்டிப் போகச் சொல்லுங்கள். கலைஞர்களின் குவளைகள் அங்கே கிடைக்கக் காரணம் உண்டு: ஸ்வீடனின் ஓரெஃபோர்ஸ் கண்ணாடி ஆலை சிமோன் காட்டேயை 1916-இலும், பிரெஞ்சு ஓவியர் மத்தீஸிடம் ஓவியம் பயின்ற எட்வர்ட் ஹால்டை 1917-இலும் வடிவமைப்பாளர்களாக வேலைக்கு வைத்தது. கண்ணாடி ஊதுகிறவரோடு உலையடியில் நின்று வேலை பார்த்தவர்கள், பணக்காரர் வீட்டு அலமாரிக்கு மட்டுமல்ல, ஆலையின் சான்ட்விக் பட்டறை வழியே சாதாரணச் சமையலறைக்கும் குவளை வரைந்தார்கள். வாங்குமுன் கவிழ்த்துப் பாருங்கள்: பலவற்றில் அடிப்பாகத்தில் பொடி எழுத்தில் பெயர் கீறியிருக்கும். விளிம்பில் நகத்தை ஓட்டுங்கள், நெருடினால் வேண்டாம். உள்ளே காலுறையைத் திணித்து, கைப்பையிலேயே கொண்டுவாருங்கள்.