ஒரு சிறு கட்டமும் 200 பவுணும்



பிரித்தானியாவில் கோயிலுக்கு நன்கொடை கொடுக்கும்போது 'கிஃப்ட் எயிட்' படிவம் ஒன்று தருவார்கள். அதிலுள்ள சிறு கட்டத்தில் சரி அடையாளம் இட்டுக் கையொப்பம் வைத்தால் கோயிலுக்கு மேலதிகமாகப் பணம் கிடைக்கும் என்பது நம்மிற் பலருக்குத் தெரியும். அந்தக் கட்டம் எமக்குக் கற்பித்த பாடத்தை இங்கே எழுதுகிறோம்.

நாம் தொழிலாற் கணக்காளர். ஆயினும் தவறு எமது வீட்டிலேதான் நடந்தது. 2019ஆம் ஆண்டு, தந்தையாரின் திவசத்துக்கு அன்னதானம் செய்ய எமது தாயார் 800 பவுண் கொடுத்தார். பிள்ளைகள் கைச்செலவுக்குக் கொடுத்ததில் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அது. நாமே படிவத்தை நிரப்பி, "அம்மா, இதிலை ஒரு கையெழுத்து வையுங்கோ" என்று பேனாவையும் நீட்டினோம். கோயிலுக்கு நல்லது செய்தோம் என்ற திருப்தியோடு வீடு திரும்பினோம்.

சில மாதங்களின் பின், வேறொருவருடைய வரிக்கணக்கைப் பார்க்கும்போதுதான் நினைவு வந்தது: அம்மா இந்த நாட்டில் வருமான வரியே கட்டுவதில்லை!

விளக்கம் இதுதான். 20 வீத வரி கட்டும் ஒருவர் கையில் 100 பவுண் எடுக்க 125 பவுண் உழைத்திருக்க வேண்டும். மிகுதி 25 பவுண் அரசுக்குப் போய்விட்டது. அவர் அந்த 100 பவுணைத் தானம் செய்தால், அரசு அந்த 25 பவுணைக் கோயிலுக்குக் கொடுக்கிறது. வரியே கட்டாதவர் கையொப்பம் வைத்தால் கொடுப்பதற்கு அங்கே வரி இல்லை. ஆகவே அந்தத் தொகையைக் கொடையாளியே அரசுக்குக் கட்ட வேண்டும் என்பது சட்டம். அம்மாவின் 800 பவுணுக்கு அது 200 பவுண்.

"அப்பான்ரை பேரிலை குடுத்த தானம் கடனாப் போச்சுதோ, தம்பி?" என்று அம்மா கேட்டார். எமக்குப் பதில் வரவில்லை. வரித் திணைக்களத்துக்கு எழுதி, அந்த 200 பவுணை நாமே கட்டினோம்.

ஆகவே கையொப்பம் வைக்குமுன் கவனிக்க வேண்டியவை:

1. அந்த வரியாண்டில் நீங்கள் கட்டும் வருமான வரியும் மூலதன இலாப வரியும், எல்லாத் தர்ம நிறுவனங்களும் உங்கள் பேரில் மீளப்பெறும் தொகைக்குக் குறையக்கூடாது. 2021 முதல் ஆண்டுக்கு 12,570 பவுண் வரையான வருமானத்துக்குப் பெரும்பாலானோருக்கு வரி இல்லை.

2. கடையிற் கொடுக்கும் வற் வரி, கவுன்சில் வரி, தேசிய காப்புறுதி ஆகியவை இதிற் சேரா.

3. பலரிடம் சேர்த்த காசை ஒருவர் பெயரில் எழுதக்கூடாது. சொந்தக் காசுக்கு மட்டுமே கையொப்பம் வைக்கலாம்.

4. முன்பு வைத்த கையொப்பம் பின்னர் கொடுப்பவற்றுக்கும் செல்லுபடியாகலாம். வேலை இழந்தால், ஓய்வு பெற்றால், பொருளாளரிடம் சொல்லி அதை நிறுத்துங்கள்.

5. வரி கட்டாதவர்கள் கட்டத்தை வெறுமையாக விட்டுக் கொடுக்கலாம். 2019 ஏப்பிரல் முதல், உண்டியலில் இடும் 30 பவுண் வரையான காசுக்கு, கையொப்பம் இன்றியே கோயில் குறித்த எல்லைக்குள் மேலதிகப் பணம் கோரக்கூடிய வேறொரு திட்டமும் உண்டு.

வரி கட்டுபவர்கள் தயங்காது கையொப்பம் வையுங்கள். உங்களுக்கு நட்டமில்லை, கோயிலுக்கு இலாபம்.

இளையோருக்கு ஒரு வேண்டுகோள். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாத பெரியவர்கள், நாம் விரல் வைத்துக் காட்டும் இடத்தில் நம்மை நம்பிக் கையொப்பம் வைக்கிறார்கள். கோயிற் படிவமானாலும் வங்கிப் படிவமானாலும், முதலில் அதைத் தமிழில் வாசித்துச் சொல்லுங்கள். பிறகு பேனாவைக் கொடுங்கள். நாம் அன்று அந்த இரண்டு நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.